பசி நீக்கச் சான்றிதழ்

வெளியுணவு மதிப்பீட்டு வாரியத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வேலை பார்த்தார்கள். அவர்கள் மதிப்பிட வேண்டிய உணவகங்கள் ஒன்பது. வாரியம் தொடங்கிய வருஷத்தில் முப்பத்தொன்று இருந்தன. மற்ற இருபத்திரண்டையும் மதிப்பிட்டு முடித்துவிட்டார்கள்.

நூற்றுக்கு அறுபது மதிப்பெண் எடுக்காத உணவகம் மறுநாளே கதவைச் சாத்த வேண்டும் என்பது சட்டம். இதுவரை யாரும் எடுத்த அதிகபட்சம் ஐம்பத்தெட்டு. அந்த உணவகம் இருந்த இடத்தில் இப்போது வாரியத்தின் கோப்புக் கிடங்கு இருக்கிறது. "இது ஐம்பத்தெட்டு வாங்கின இடம்" என்று ஊழியர்கள் விருந்தாளிகளுக்குப் பெருமையாகக் காட்டுவார்கள்.

மூன்று வருஷமாக எந்த உணவகத்தையும் வாரியம் மதிப்பிடவில்லை. காரணம் இரக்கம் அல்ல. மாதிரி வாடிக்கையாளர் பதவி காலியாக இருந்தது. பொதுமக்கள் சார்பில் உட்கார்ந்து, சாப்பிட்டு, கையெழுத்துப் போடுகிற ஒரே ஆள் அவர்தான். முன்பு அந்தப் பதவியில் இருந்தவர் ஒரு கரண்டி சூப்பை வாயில் வைத்ததும் "ஆஹா" என்று சொல்லிவிட்டார். மூவர் குழு எட்டு முறை கூடி விசாரித்தது. நாக்கு சுட்டதால் சொன்னேன் என்று அவர் வாதாடிப் பார்த்தார். சுட்டாலும் அது ஒரு அபிப்பிராயம்தான் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அதன் பிறகு நடுநிலையான ஒரு மனிதனைத் தேடி விளம்பரம் கொடுத்தார்கள். ஆயிரத்துச் சொச்சம் விண்ணப்பங்கள் வந்தன. அத்தனை பேரும் 'இந்த வேலைக்கு நான் தகுதியானவன் என்று கருதுகிறேன்' என்று எழுதியிருந்தார்கள். கருதியவர்கள் எல்லாரையும் நிராகரித்தாயிற்று.

இப்படி இருக்கையில் ஒரு திங்கட்கிழமை, வாரியத்தின் லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே நின்றுபோனது.

லிஃப்ட் மெக்கானிக் வந்தார். நாற்பத்து மூன்று வயது. தோளில் கருவிப் பை, சட்டைப் பையில் டார்ச். கதவின் தடத்தில் சிக்கியிருந்த ஒரு பேனா மூடியை எடுத்துப் போட்டார். லிஃப்ட் ஓடியது. வேலை முடிந்த சீட்டில் நேரம், பழுது, கையெழுத்து எல்லாம் எழுதினார். கடைசியில் 'கருத்து' என்று ஒரு கட்டம். இருபது வருஷமாக எல்லாக் கட்டடத்திலும் எழுதுவதையே அங்கேயும் எழுதினார்: 'ஒன்றும் இல்லை.'

கால் மணி நேரத்தில் இயக்குநர் அறைக்கு அவரைக் கூப்பிட்டார்கள்.

இயக்குநர் அந்தச் சீட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "இது நீங்க எழுதினதா?"

மெக்கானிக் சீட்டை எட்டிப் பார்த்தார். "ஆமா சார். பேனா மூடி மாட்டியிருந்துச்சு. அதையும் எழுதியிருக்கணுமா?"

"யாராவது சொல்லி எழுதினீங்களா?"

"இல்ல சார். நானாத்தான்."

"ஒரு கருத்துகூட இல்லையா?"

"எதப் பத்தி சார்?"

இயக்குநரின் கண் கலங்கியது. பக்கத்தில் நின்ற பசி அதிகாரியைப் பார்த்தார். "எதப் பத்தின்னு கேக்கறார், பாருங்க. மூணு வருஷமாத் தேடின ஆளு, நம்ம லிஃப்ட்டுக்குள்ளயே இருந்திருக்கார்."

பத்து நிமிடத்தில் நியமன உத்தரவு தட்டச்சாகி வந்துவிட்டது. ஒரே ஒரு கேள்விதான் பாக்கி இருந்தது. பசி அதிகாரி கேட்டார். "ஒன்பது உணவகத்துல யாராவது உங்களுக்கு உறவா?"

"கடைத்தெரு மூலைக் கடை என் மச்சானோடது சார். சம்சாரத்துக்கு அண்ணன். அங்கதான் தினமும் மத்தியானம் சாப்பிடறேன்."

மெக்கானிக் தப்பித்தோம் என்று நினைத்துக் கருவிப் பையைத் தூக்கினார்.

"இருங்க. அந்த மச்சான உங்களுக்குப் பிடிக்குமா?"

மெக்கானிக் உண்மையைச் சொன்னார். "கல்யாணத்தன்னிக்கு மைக்கப் பிடிச்சு, 'என் தங்கச்சிக்கு இத விட்டா வேற ஆளே கெடைக்கலயா'ன்னு கேட்டாருங்க."

"சம்சாரத்துக்குப் பயப்படுவீங்களா?"

"அது பின்ன, பயப்படாம?"

பசி அதிகாரி குறித்துக்கொண்டார். "மச்சான்ங்கற முறையில எரிச்சல். சம்சாரத்தோட அண்ணன்ங்கற முறையில பயம். ரெண்டும் சரிக்குச் சரி. சார்பு பூஜ்யம். சார், இவ்வளவு சுத்தமான ஆள நான் பாத்ததில்ல. முதல் மதிப்பீட்ட அந்த மூலைக் கடையிலயே வச்சுடலாம். வியாழக்கிழமை."

"சார், எனக்கு இது வேண்டாம் சார்" என்றார் மெக்கானிக்.

"வேண்டாம்ங்கறது ஒரு கருத்து" என்றார் இயக்குநர் கனிவாக. "உங்களுக்குத்தான் கருத்தே கிடையாதே."

வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அது நல்ல அறிகுறி அல்ல.

"என்னங்க, எங்கண்ணன் கடைய மூட ஊர்ல வேற ஆளே கெடைக்கலயா?"

"நான் எங்க மூடறேன்? வாரியம் மூடுது. நான் சும்மா சாப்பிடறேன், அவ்வளவுதான்."

"கடைய மூடினா அண்ணன், அண்ணி, ரெண்டு பிள்ளைங்க எல்லாரும் எங்க வருவாங்கன்னு யோசிச்சீங்களா?"

மெக்கானிக் தன் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். இரண்டு அறை. "இங்கயா?"

"பின்ன? உங்க பக்கத்துலதான் எங்கண்ணனுக்குப் படுக்கை. அவர் குறட்டை விட்டா ஜன்னல் கண்ணாடி ஆடும். தெரியும்ல?"

அதற்குப் பிறகு அவள் குரல் இறங்கிவிட்டது. "எங்கப்பா போனப்புறம் அந்த ஒரு அடுப்ப வச்சுத்தாங்க என்னைப் படிக்க வச்சார். அத நெனப்புல வச்சுக்கங்க."

மறுநாள் மத்தியானம் மெக்கானிக் வழக்கம்போல் மூலைக் கடைக்குப் போனார். எட்டு மேசை, சுவரில் ஒரு கடிகாரம், சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு ஜன்னல். அந்த ஜன்னலில் மச்சானின் தலை முளைத்தது.

"வாங்க மாப்ளே! நீதிபதி அவர்கள் வந்திருக்காங்க, மேசையத் தொடைங்கப்பா! கல்யாணமாகிப் பதினாறு வருஷம் வாயே தெறக்காத மனுஷன், தெறக்கற அன்னிக்கு என் கடைய முழுங்கத்தான் தெறப்பாராம்!"

"மச்சான், நான் வேண்டாம்னுதான் சொன்னேன்."

"என்னைக் கட்டிக்கன்னு என் தங்கச்சி சொன்னப்பவும் நீங்க வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். அப்ப மட்டும் சொல்லல."

பரிமாறுகிறவருக்குக் கடுகு என்று பெயர் வைத்திருந்தார்கள். எண்ணெயில் விழுந்தாற்போல் எப்போதும் வெடித்துக்கொண்டே இருப்பார். அவருடைய பிரச்சினை வேறு. வாரியத்தின் அறிவிப்பு வந்திருந்தது: பரிமாறுபவரின் புன்னகை நான்கு சென்டிமீட்டருக்குக் குறையாமலும் ஆறுக்கு மிகாமலும், ஆறு பற்கள் தெரியும்படியும் இருக்க வேண்டும்.

"முன்னாடி எனக்கு இருக்கறதே அஞ்சு பல்லு" என்றார் கடுகு. "ஆறாவதுக்கு நான் எங்க போறது? உங்க வாரியம் ஒரு பல்லு அனுப்புமா?"

அன்று முழுவதும் அவர் புன்னகைத்துப் பழகினார். இரண்டு வாடிக்கையாளர்கள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். ஒருவர் பல் வைத்தியரின் விலாசம் கொடுத்தார்.

மெக்கானிக்குக்கு வாரியத்தில் இரண்டு நாள் பயிற்சி. சாப்பிடும்போது புருவம் உயரக் கூடாது. மூச்சை இழுத்து மோப்பம் பிடிக்கக் கூடாது. ஒரு வாய்க்கு முப்பத்திரண்டு முறை மெல்ல வேண்டும். உணவில் பழகினால் விருப்பு வெறுப்பு வந்துவிடும் என்பதால் அட்டைத் துண்டில் பழக்கினார்கள். புன்னகை ஆய்வாளர் என்ற அம்மாள் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். அவர் பதினோரு வருஷமாகப் பிறர் சிரிப்பை அளந்து வருபவர். தன் சிரிப்பை அளக்கச் சந்தர்ப்பம் வந்ததில்லை.

கடைசி வகுப்பைப் பசி அதிகாரியே எடுத்தார்.

"நம்ம துறைக்கு ஒரே ஒரு எதிரிதான். பசி! பசிச்சவனுக்கு எது போட்டாலும் நல்லாருக்கும். அவன் பேச்ச எப்படி நம்பறது? அதனால சாப்பிட்டுப் பாக்கறதுக்கு முன்னாடி நல்லா சாப்பிட்டுடணும்."

"அப்புறம் எப்படி சார் சாப்பிடறது?"

"கஷ்டமாத்தான் இருக்கும். அந்தக் கஷ்டத்துக்குப் பேர்தான் நடுநிலை. நம்ம சிற்றுண்டிச் சாலையில கஞ்சி குடுப்போம். குடிச்சதும் பசி நீக்கச் சான்றிதழ். தொண்ணூறு நிமிஷம் செல்லும். தட்டுலேருந்து பத்தடிக்குள்ள நிக்கற எல்லாருக்கும் அது கட்டாயம், இயக்குநருக்கும் சேத்து." அவர் நெஞ்சை நிமிர்த்தினார். "நான் இருபத்தாறு வருஷமா இந்த வாரியத்துல இருக்கேன். எந்த உணவகத்துலயும் ஒரு வாய் சாப்பிட்டதில்ல. அதனாலதான் எனக்கு உணவகங்களப் பத்தி இவ்வளவு தெரியும்."

வியாழக்கிழமை பதினொன்றரைக்கு இரண்டு வண்டிகள் மூலைக் கடை வாசலில் நின்றன. இயக்குநர், பசி அதிகாரி, புன்னகை ஆய்வாளர், பதிவு எழுத்தர், மெக்கானிக், ஒன்பது பெட்டி கருவிகள். புறப்படுமுன் ஆளுக்கு இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்திருந்தார்கள். மாதிரி வாடிக்கையாளர் என்பதால் மெக்கானிக்குக்கு மூன்று. அவர் நடக்கும்போது உள்ளே கஞ்சியும் கூடவே நடந்தது.

சாப்பிட்டுக்கொண்டிருந்த வாடிக்கையாளர்கள் உணவகத்தின் இயல்பைக் கெடுக்கிறார்கள் என்று சொல்லி முதலில் அவர்களை வெளியே அனுப்பினார்கள். அவர்கள் தெருப்பக்கக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். மெக்கானிக்கின் மனைவியும் அந்தக் கூட்டத்தில் வந்து சேர்ந்தாள்.

கடுகு புன்னகைத்தார். ஆய்வாளர் அளவுகோலை வைத்தார். "நாலு புள்ளி எட்டு. பல் அஞ்சு. ஏங்க, இது புன்னகையா வலியா?"

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க. சீக்கிரம் அளங்க, தாடை புடிச்சுக்கிச்சு."

எழுத்தர் பதிந்தார்: 'புன்னகை உண்டு. மகிழ்ச்சிக்கு ஆதாரம் இல்லை.'

அடுத்தது சுவை. ஆனால் மதிப்பீட்டைத் தொடங்கி வைத்து இயக்குநர் சிறிது பேச வேண்டும் என்பது மரபு. உரை இருபது நிமிடத்துக்குத்தான் எழுதப்பட்டிருந்தது. மூன்று வருஷமாகப் பேசாமல் அடைத்து வைத்திருந்தது அதனுடன் சேர்ந்துகொண்டது.

"இருபத்திரண்டு உணவகத்த மூடிட்டீங்களேன்னு சிலர் கேக்கறாங்க" என்றார் இயக்குநர் முதல் மணி நேரத்தின் முடிவில். "நான் திருப்பிக் கேக்கறேன். மூடினப்புறம் அந்த இருபத்திரண்டப் பத்தி ஒரு புகார் வந்திருக்கா? ஈ விழுந்துச்சுன்னு வந்துச்சா? உப்புக் கரிக்குதுன்னு வந்துச்சா? ஒண்ணு? அதுக்குப் பேர்தாங்க தரம்! இன்னும் ஒன்பதுதான் பாக்கி. அதையும் முடிச்சுட்டா, குறை சொல்ற மாதிரி ஒரு உணவகம்கூட இல்லாத ஒரே ஊர் நம்ம ஊரா இருக்கும்!"

எழுத்தர் கை தட்டினார். சமையலறையில் மச்சான் வெறுமனே நிற்க முடியாமல் மிளகும் பூண்டும் தடவிய மீனை வாணலியில் போட்டார். சத்தம் வந்தது. பிறகு வாசனை வந்தது. ஜன்னலைத் தாண்டி, மேசை மேசையாக நகர்ந்து, இயக்குநரின் உரைக்குள் புகுந்துகொண்டது. 'வெளிப்படைத்தன்மை' என்ற சொல்லை அவர் இரண்டு முறை விழுங்கினார்.

கடிகாரத்தில் மணி இரண்டாகியிருந்தபோது "குர்ர்ர்" என்று ஒரு சத்தம் கேட்டது.

இயக்குநர் நிறுத்தினார். "யாரது?"

"நான்தான் சார், மன்னிச்சுக்கங்க" என்றார் மெக்கானிக். "வயிறு."

பசி அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்து வெளிறிப்போனார். "ரெண்டரை மணி நேரமாச்சு! சான்றிதழ் காலாவதி! பசியோட இருக்கற ஆளு, மூணடியில மீனு! எல்லாரும் விலகுங்க!"

யாரும் விலகவில்லை. ஏனென்றால் அப்போது இன்னொரு சத்தம் கேட்டது. முதல் சத்தத்தைவிடக் கம்பீரமானது, பதவிக்கேற்ற சத்தம். இயக்குநர் தன் வயிற்றின் மேல் கோப்பை வைத்து மூடினார். அதன்பின் ஆய்வாளர். அதன்பின் எழுத்தர். பசி அதிகாரி வாய் திறப்பதற்குள் அவர் வயிறே பேசிவிட்டது.

"சிற்றுண்டிச் சாலைக்கு போன் போடுங்க! கஞ்சி வரட்டும்!"

எழுத்தர் போன் செய்தார். "சார், அங்க யாருமில்ல. எல்லாரும் சாப்பிடப் போயிருக்காங்களாம்."

"அப்ப ஒத்தி வைக்கலாம்" என்றார் இயக்குநர்.

"மதிப்பீடு பாதியில நின்னா பூஜ்யம் சார்" என்றார் எழுத்தர். "நாளைக்குக் கடைய மூடிடணும்."

சமையலறை ஜன்னலில் மச்சானின் முகம் தெரிந்தது. கையில் தோசைத் திருப்பி மாதிரி ஒரு கரண்டி, வாயில் ஒரு கிண்டலும் இல்லை. பதினாறு வருஷத்தில் மெக்கானிக் அந்த முகத்தைப் பேச்சில்லாமல் பார்த்தது அதுதான் முதல் தடவை. வெளியே கண்ணாடியில் மனைவி நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றிருந்தாள்.

மெக்கானிக் கையைத் தூக்கினார். அவருக்கு உண்மையிலேயே ஒரு சந்தேகம். "சார், இந்தப் பசிய அந்தக் கஞ்சிலதான் நீக்கணுமா?"

பசி அதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "விதி பதினாலு. பசி தலைதூக்கினால், அருகில் உள்ள உண்ணத்தக்க எதைக் கொண்டும் உடனடியாக நீக்கப்பட வேண்டும்."

"அருகில் உள்ள" என்றார் இயக்குநர்.

எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

"பதிவேட்ட மூடுய்யா" என்றார் இயக்குநர் எழுத்தரிடம். "இது மதிப்பீடு இல்ல. நீக்கம்."

கடுகுக்கு அளவுகோல் மறந்துபோனது. "உக்காருங்க, உக்காருங்க! நின்னுக்கிட்டே திங்கறதுக்கு இதென்ன ரயிலா? கை கழுவினீங்களா? போங்க, அங்க கொழாய் இருக்கு!" இயக்குநர் கைகழுவி வந்து உட்கார்ந்தார். சூப் வந்தது. ரொட்டி வந்தது. வறுத்த மீன் வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது.

"இது என்ன, நாக்குல சுருக்குங்குது?" என்று கேட்டார் பசி அதிகாரி.

"மிளகு சார்" என்றார் மெக்கானிக்.

"மிளகு" என்று அவர் திருப்பிச் சொன்னார். தூரத்து உறவினர் ஒருவரை ரயில் நிலையத்தில் அடையாளம் கண்டவர் போல. "இருபத்தாறு வருஷம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி தட்டில் குனிந்தார்.

இயக்குநர் முள்ளை உறிஞ்சினார். ரொட்டியால் தட்டைத் துடைத்தார். பக்கத்திலிருந்த ஆய்வாளரின் தட்டையும் துடைத்தார். அந்த அம்மாள் அதைப் பார்த்துச் சிரித்தாரே ஒரு சிரிப்பு! எழுத்தர் அவருடைய அளவுகோலையே எடுத்து அளந்துவிட்டார். ஒன்பது சென்டிமீட்டர். வரம்புக்கு மூன்று அதிகம். "ஆஹா!" என்றார் இயக்குநர் உரக்க. எழுத்தரின் பேனா தானாக எழுந்தது. "எழுதாதய்யா! நீக்கம், நீக்கம்!" கண்ணாடிக்கு வெளியே நின்ற கூட்டம் தட்டித் தாளம் போட ஆரம்பித்தது. கடுகு வெளியே போய் அவர்களுக்கும் ரொட்டி கொடுத்துவிட்டு, சத்தம் போடக் கூடாது என்று சத்தம் போட்டுவிட்டு வந்தார்.

கடைசியில் ஐந்து பேருக்கும் புதுச் சான்றிதழ் எழுதி முத்திரை குத்தினார் பசி அதிகாரி. 'பசி நிலை: முற்றிலும் நீங்கியது.' பெல்ட்டை இரண்டு துளை தளர்த்திக்கொண்டு, பதிவேட்டைத் திறந்தார்கள்.

அதே மீன் மெக்கானிக்கின் முன்னால் வந்தது. எல்லாருக்கும் தொண்டை வரை நிரம்பியிருந்தது. ஒரு துண்டை வாயில் போட்டு முப்பத்திரண்டு முறை மென்றார். அட்டைத் துண்டுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. விழுங்குவதற்கு இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"பாத்தீங்களா?" என்றார் பசி அதிகாரி ஏப்பத்துக்கு நடுவே. "பசிய எடுத்துட்டா உண்மை வெளிய வந்துடும்."

எழுத்தர் கூட்டினார். "நாப்பத்தொண்ணு சார்."

கையெழுத்துக்காகப் பேனாவை நீட்டினார்கள். போட்டால் நாற்பத்தொன்று, போடாவிட்டால் பூஜ்யம். எதிரே மச்சான் ஏப்ரனைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார்.

"சார், இன்னொரு சந்தேகம்" என்றார் மெக்கானிக். "வாரியத்துக் கஞ்சிக்கு ஏன் சார் மதிப்பெண் போடறதில்ல?"

"விதி பதினஞ்சு" என்றார் பசி அதிகாரி பெருமையுடன். "பசி நீக்கும் இடம் உணவகம் ஆகாது. அதனால மதிப்பீட்டுக்குள்ள வராது."

"அப்ப இப்ப நம்ம அஞ்சு பேருக்கும் பசி நீக்கினது எந்த இடம் சார்?"

பசி அதிகாரி சிரித்துக்கொண்டே சான்றிதழ்களைப் பார்த்தார். சிரிப்பு நான்கு சென்டிமீட்டரிலிருந்து மெல்லக் குறைந்து பூஜ்யத்துக்கு வந்தது. ஐந்திலும் அவர் கையெழுத்தில், முத்திரையுடன் இருந்தது: 'பசி நீக்கப்பட்ட இடம்: மூலைக் கடை.'

மெக்கானிக் விடாமல் கேட்டார். புரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார். "உணவகம்னா, நீங்கள்லாம் பணி நேரத்துல உணவகத்துல சாப்பிட்டதா ஆயிடுமே சார். அது வேலைக்கு ஆபத்தில்லீங்களா? உணவகம் இல்லன்னா, அந்த நாப்பத்தொண்ண நான் எதுக்குக் கீழ கையெழுத்துப் போடறது?"

இயக்குநர் எழுந்தார். சுவரைப் பார்த்தார், எட்டு மேசையைப் பார்த்தார், முள் மட்டும் மிஞ்சியிருந்த தன் தட்டைப் பார்த்தார்.

"எழுத்தரே" என்றார். "நாம தப்பான இடத்துக்கு வந்துட்டோம்."

"சார்?"

"இது உணவகமே இல்ல. வண்டியத் திருப்பச் சொல்லுங்க."

அடுத்த வாரமே வாரியத்திலிருந்து ஒரு பலகை வந்தது. 'அங்கீகரிக்கப்பட்ட பசி நீக்க நிலையம், எண் இரண்டு.' மச்சான் அதைக் கடை வாசலில் நேராக மாட்டினார். மற்ற எட்டு உணவகங்களும் தாங்களும் உணவகம் இல்லை என்று மனுப் போட்டன. எட்டும் அதே நாளில் ஏற்கப்பட்டன. ஊரில் இப்போது ஒரு உணவகமும் கிடையாது, மத்தியானம் எந்த நிலையத்திலும் உட்கார இடமும் கிடையாது. மதிப்பிட ஒன்றுமே மிஞ்சாததால் வாரியத்துக்குச் சிறந்த நிர்வாக விருது கிடைத்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் பசி நீக்கத்துக்கு முறை வைத்து மூலைக் கடைக்கு வந்து போனார்கள். பசி அதிகாரி முறை இல்லாத நாளிலும் வந்தார்.

மெக்கானிக்கை மட்டும் பதவிநீக்கம் செய்தார்கள். ஒரே நாளில் இரண்டு சந்தேகங்கள் கேட்டதன் மூலம், அவருக்குள் கருத்து இருப்பது ஐயமறத் தெரியவந்துள்ளதாக உத்தரவில் இருந்தது. அது வந்த அன்று காலை அவர் ஒரு ஏழு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் கயிறு மாற்றிவிட்டு, கை முழுக்கக் கிரீஸும் கண் இருட்டுகிற பசியுமாக மூலைக் கடைக்கு வந்து சேர்ந்தார்.

கூட்டம். கடுகு அவருக்காக ஒரு நாற்காலியை யாரிடமிருந்தோ பிடுங்கிக்கொண்டு வந்து போட்டார். மச்சான் தானே தட்டை எடுத்து வந்து வைத்தார். வைத்தவர் போகவில்லை. ஏப்ரனில் கையைத் துடைத்தபடி நின்றார். மெக்கானிக் தலையைத் தூக்கவில்லை. தட்டு காலியானபோது மச்சான் தொண்டையைச் செருமினார்.

"மாப்ளே, வாரியம் கெடக்குது. நீங்க சொல்லுங்க. மீன் எப்படி இருந்துச்சு?"

மெக்கானிக் தட்டைப் பார்த்தார். பிறகு மச்சானைப் பார்த்தார்.

"பசியில கவனிக்கல மச்சான். இன்னொண்ணு வைங்க, பாத்துச் சொல்றேன்."